குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை பெயர்களை எவ்வாறு நிரப்ப வேண்டும்?

நிலாவின் அம்மா (திருநெல்வேலி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பரில் பிறந்த எங்கள் மகளுக்கு முதல்முறையாக பாஸ்போர்ட் எடுக்க விண்ணப்பிக்கப் போகிறேன். என் கணவர் துபாயில் பணிபுரிகிறார்; குழந்தையை அழைத்துக்கொண்டு சில மாதங்கள் அவருடன் தங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்து, குழந்தையின் விவரங்களைக் கடந்து, குடும்ப விவரங்கள் என்ற பக்கத்துக்கு வந்ததும் என்னால் மேலே செல்ல முடியவில்லை. இரண்டு மாலைகளாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன்.

எங்கள் உண்மையான பெயர்களைப் பொதுவெளியில் எழுத விரும்பவில்லை. விளங்குவதற்காக வேறு பெயர்களை வைத்துக் கூறுகிறேன். கணவரின் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் (சொந்தப் பெயர்) என்ற இடத்தில் முருகேசன் என்றும், சர்நேம் (குடும்பப் பெயர்) என்ற இடத்தில் அவருடைய தந்தையின் பெயரான சுப்பையா என்றும் உள்ளன. ஆதாரில் அவர் வெறும் ‘முருகேசன் எஸ்’. என்னுடைய பாஸ்போர்ட் திருமணத்துக்கு முன்பு எடுத்தது. அதில் நான் கயல்விழி அருணாசலம், அருணாசலம் என் தந்தை. ஆனால் மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ‘சு. முருகேசன்’ என்றும், தாய் பெயர் ‘மு. கயல்விழி’ என்றும் பதிவாகியுள்ளன. குழந்தையின் பெயர் இனிஷியல் எதுவும் இல்லாமல் நிலா என்று மட்டும் உள்ளது.

இப்போது என் ஐயங்கள் இவைதாம். மகளுக்கு சர்நேம் தர வேண்டுமா, தந்தால் எதைத் தருவது? அவளுக்கு முருகேசன் என்று தந்துவிட்டு, அவள் தந்தைக்கு சர்நேம் சுப்பையா என்று எழுதினால், தந்தையும் மகளும் வெவ்வேறு குடும்பத்தினர் என்று அலுவலர்கள் நினைத்துவிட மாட்டார்களா? என் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோல் கணவர் பெயரோடு சேர்த்து எழுதுவதா, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் தந்தை பெயரோடு எழுதுவதா? கணவர் அங்கே இருப்பதால் அவருடைய கையெழுத்துக்கு என்ன செய்வது? உறவினர் ஒருவர், முதலில் என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் குழந்தைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று உறுதியாகக் கூறுகிறார். அப்படிச் செய்தால் மாதங்கள் ஓடிவிடும் என்று கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொருநைக்கரை (தூத்துக்குடி) எழுதிய மறுமொழி:

வணக்கம் சகோதரி. நான் பதினொரு ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு இணைய விண்ணப்பங்களை நிரப்பித் தரும் தொழிலில் இருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மக்கள் அதிகமாகத் தடுமாறுகிற பக்கம் நீங்கள் நிற்கிற அந்தப் பக்கமேதான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தை பெயர், தாய் பெயர் என்ற கட்டங்கள் உங்களுடைய பெயரைக் கேட்கின்றன; உங்களுக்கும் குழந்தைக்கும் உள்ள ஒற்றுமையைக் கேட்கவில்லை. இருவருக்குமே பாஸ்போர்ட் இருக்கும்போது, அதில் கிவன் நேம் எது, சர்நேம் எது என்று அச்சாகியுள்ளதோ, அதை எழுத்து மாறாமல் அப்படியே படியெடுத்து எழுதுவதே சரி. தந்தைக்கு முருகேசன், சுப்பையா; தாய்க்கு கயல்விழி, அருணாசலம். அதே விண்ணப்பத்தில் பெற்றோரின் பாஸ்போர்ட் எண்களும் கேட்கப்படும். நேரில் செல்லும்போது அசல் பாஸ்போர்ட்டுகளையும் காட்டுவீர்கள். எழுதிய பெயரும் அந்த எண்ணுக்கு உரிய பெயரும் ஒன்றாக இருந்தால் அலுவலருக்குக் கேள்வியே எழாது. பிறப்புச் சான்றிதழில் உள்ள ‘சு.’ என்பது சுப்பையாவின் சுருக்கம் என்பதை நம் ஊரில் பணிபுரிகிற எந்த அலுவலரும் அறிவார். விண்ணப்பத்தில் இனிஷியலை ஒற்றை எழுத்தாக எழுதக் கூடாது, விரித்தே எழுத வேண்டும் என்பது விதி. ஆகையால் சான்றிதழில் சுருக்கமும் விண்ணப்பத்தில் விரிவும் இருப்பது இயல்பானதுதான்.

சர்நேம் பற்றிய உங்கள் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சர்நேம் என்ற கட்டம், தாத்தாவுக்கும் தந்தைக்கும் பேரனுக்கும் ஒரே குடும்பப் பெயர் தொடர்ந்து வருகிற வழக்கத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. நம் வழக்கில் அந்த இடத்தில் தந்தையின் பெயர் நிற்கிறது, அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. சுப்பையாவின் மகன் முருகேசன், முருகேசனின் மகள் நிலா; ஆகவே மகளின் சர்நேமும் தந்தையின் சர்நேமும் வேறாக இருப்பதே நம் முறையில் சரியான நிலை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. ஒற்றுமை வேண்டும் என்று நினைத்து மகளுக்கு நிலா சுப்பையா என்று எழுதிவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முருகேசன் என்று இருக்கும்போது, நாளை அவளுடைய பள்ளிச் சான்றிதழில் ‘நிலா மு.’ என்று வரும்போது, சுப்பையா யார் என்று அவள் வாழ்நாள் முழுவதும் விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவதற்கு விண்ணப்பம் இடம் தருகிறது. கிவன் நேம் மட்டும்தான் கட்டாயம். ஆனாலும் உங்கள் நிலையில் அப்படி விட வேண்டாம் என்றே கூறுவேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கமும் தந்தது. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாவது வெறும் சடங்கு அன்று என்பதை அந்தச் சில நாட்களில் பலர் விமான நிலையக் கவலையோடு தெரிந்துகொண்டார்கள். அமெரிக்க விசாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு, அந்தப் பெயரை சர்நேம் ஆக்கி, முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருள் தருகிற மூன்று ஆங்கில எழுத்துகளைக் கிவன் நேமுக்கு உரிய இடத்தில் இட்டுவிடுகிறார்கள். ஆகவே மகளுக்கு கிவன் நேம் நிலா, சர்நேம் முருகேசன் என்று தருவதே நல்லது. சான்றிதழில் குழந்தையின் பெயருக்குப் பின்னால் முருகேசன் இல்லையே என்று கேட்கலாம். தந்தை பெயர் என்ற இடத்தில் அது இருக்கிறது. அதைச் சான்றாகக் கொண்டு ஏற்றுக்கொள்வதையே எங்கள் பகுதியில் தொடர்ந்து கண்டுவருகிறேன்.

உங்கள் பாஸ்போர்ட்டை முதலில் மாற்ற வேண்டும் என்ற அறிவுரையை ஒதுக்கி வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு பெண் தன் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. திருமணப் பதிவுச் சான்றிதழின் அசலையும் நகலையும் கோப்பில் வைத்துக்கொண்டு செல்லுங்கள், கேட்டால் காட்டலாம். உங்கள் பெயர் சான்றிதழில் ‘மு. கயல்விழி’, பாஸ்போர்ட்டில் கயல்விழி அருணாசலம் என்று இருப்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை, ஏனென்றால் அதில் உங்கள் தந்தை பெயரும் கணவர் பெயரும் ஒரே தாளில் இருக்கின்றன.

பிறப்புச் சான்றிதழை இன்னும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகள் திருத்தப்பட்டபின், 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று மட்டுமே ஏற்கப்படுகிறது. உங்கள் மகள் அந்த வரம்புக்குள் வருகிறாள். வேறு ஆவணத்தைக் காட்டிச் சமாளிக்க இயலாது என்பதால், அதில் பிழை இருந்தால் இப்போதே திருத்துவது நல்லது.

கோவைத் தந்தை எழுதிய மறுமொழி:

மேலே நண்பர் கூறிய ஒவ்வொரு சொல்லையும் நான் வழிமொழிகிறேன். அதைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்து கூறுகிறேன்.

நாம் தமிழில் எழுதும்போது இனிஷியல் முன்னாலும் பெயர் பின்னாலும் வருகின்றன. அந்தப் பழக்கத்தில், என் மகனின் விண்ணப்பத்தில் தந்தையின் கிவன் நேம் என்ற கட்டத்தில் என் தந்தையின் பெயரையும், சர்நேம் என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதிவிட்டேன். மகனின் சர்நேம் என் பெயர்தானே, ஆகவே என் சர்நேமும் அதுவாக இருந்தால்தான் பொருந்தும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். என் சொந்த பாஸ்போர்ட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பாஸ்போர்ட் வந்தது, கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் தலைகீழாக அச்சாகியிருந்தது. அப்போதுகூட அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஓராண்டுக்குப் பிறகு மகனுக்குக் குடும்ப விசா விண்ணப்பித்தபோதுதான், குழந்தையின் பாஸ்போர்ட்டில் உள்ள தந்தையும் விண்ணப்பத்தில் உள்ள தந்தையும் ஒருவர்தாமா என்ற கேள்வி எழுந்தது. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம், அது போதவில்லை. விவரங்களில் மாற்றம் என்ற காரணத்தைக் குறிப்பிட்டு மறுபடியும் விண்ணப்பித்து, மறுபடியும் கட்டணம் செலுத்தி, மறுபடியும் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, புதிய பாஸ்போர்ட் பெற்ற பிறகே விசா கிடைத்தது. அச்சாகிவிட்ட பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தித் தர மாட்டார்கள். மறுவழங்கல் ஒன்றே வழி.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் முதலில் ‘ஏ’ கவுன்ட்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள். அங்கே நீங்கள் நிரப்பிய விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். குழந்தை அழுதுகொண்டிருக்கும், பின்னால் வரிசை நிற்கும், நாமும் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவோம். அப்படிச் செய்யாமல், குழந்தையை உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, பெற்றோர் பெயர்கள் இரண்டையும் கையிலுள்ள பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையை அங்கேயே திருத்தித் தருவார்கள். அடுத்துள்ள ‘பி’, ‘சி’ கவுன்ட்டர்களைக் கடந்துவிட்டால் காலம் கடந்துவிடும். குழந்தைக்கு நான்கு வயது நிறையாததால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தையும் கொண்டுசெல்லுங்கள்.

இரு மகள்களின் தாய் (சென்னை) எழுதிய மறுமொழி:

கேள்வி கேட்ட சகோதரியின் நிலை வேறு, என் நிலை வேறு. என்றாலும், இதே பக்கத்தில் நின்று தவித்த தாய்மார்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். விவாகரத்து வழக்கு அப்போது முடியவில்லை. மகள்களின் விண்ணப்பத்தில் தந்தை பெயரை எழுதினால் அவருடைய கையெழுத்தைக் கேட்பார்கள், எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும் என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்காமலே இருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளையும் நான் இழந்திருக்க வேண்டியதில்லை. பெயர் வேறு, சம்மதம் வேறு என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். தந்தை யார் என்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள செய்தி; அதை அப்படியே எழுதலாம். அவர் சம்மதக் கையெழுத்து தருகிறாரா என்பது தனிச் செய்தி. தாயும் தந்தையும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தருவது அனெக்சர் டி என்ற இணைப்புப் படிவம். ஒருவருடைய கையெழுத்தைப் பெற இயலாத நிலையில், அதற்கான காரணத்தைக் குறிப்பிட்டு, குழந்தையைத் தன் பொறுப்பில் வளர்க்கிற ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுத் தருவது அனெக்சர் சி. நான் தந்தை பெயரை எழுதினேன். அனெக்சர் சி கொடுத்தேன். வழக்கு நிலுவையில் உள்ளதை மறைக்காமல் குறிப்பிட்டேன். இரு மகள்களுக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது.

தந்தை பெயரையே எழுத விரும்பாத, அல்லது எழுத இயலாத தாய்மார்களுக்கும் வழி இருக்கிறது. தந்தையின் பெயரைக் குறிப்பிடாமல் மகளுக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று தாயும் மகளும் தொடுத்த வழக்கில், தாயின் பெயரே போதுமானது என்று 2016 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளை எளிமையாக்கியபோது, தந்தை, தாய், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரில் ஒருவர் பெயரைத் தந்தால் போதும் என்று அறிவித்தது. இணைப்புப் படிவங்களையும் பதினைந்திலிருந்து ஒன்பதாகக் குறைத்தது. அவற்றை வெள்ளைத்தாளில் தாமே கையெழுத்திட்டுத் தந்தால் போதும், நோட்டரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ செல்ல வேண்டியதில்லை என்றும் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டில், 2015 ஜூலையில், மணமாகாத தாய் ஒருவரின் வழக்கில், தந்தையின் பெயரை வெளியிடுமாறு தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது; தாய் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தால் அதைக் கொண்டு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் கூறியது. இவற்றை அறியாத இடைத்தரகர் எவராவது, தந்தை பெயர் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். தந்தை பெயருக்குரிய இடத்தில் தாத்தாவின் பெயரையோ மாமாவின் பெயரையோ இட்டு நிரப்பச் சொல்வோரும் இருக்கிறார்கள். அது தவறான தகவல் தந்த குற்றமாகும். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்துவிட வேண்டாம்.

நிலாவின் அம்மா மீண்டும் எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பொருநைக்கரை அண்ணன் கூறியபடி பிறப்புச் சான்றிதழை மறுபடியும் பார்த்தேன், பார்த்தது நல்லதாயிற்று. தமிழில் என் பெயர் சரியாக உள்ளது. ஆனால் ஆங்கிலத்தில், என் பாஸ்போர்ட்டில் ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகள் இருக்க, சான்றிதழில் ஒற்றை எல் மட்டும் இருக்கிறது. இவ்வளவு நாள் இதை நான் கவனிக்கவே இல்லை. இதைத் திருத்த வேண்டுமா, அல்லது விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிட்டுச் செல்லலாமா? கணவரின் கையெழுத்து பற்றியும் ஒரு சொல் கூறினால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை எழுதிய மறுமொழி:

திருத்திவிடுங்கள், சகோதரி. இனிஷியல் விரிவது இயல்பு. எழுத்துக்கூட்டல் மாறுவது அப்படியன்று. ழகரமும் ககரமும் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது நம் பெயர்களுக்கு இந்தத் துன்பம் ஓயாமல் நேர்கிறது. பிறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ, அந்த இடத்துப் பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவுகளைத் திருத்தும் அதிகாரம் உண்டு. உங்கள் பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு மனு கொடுங்கள். திருத்திய சான்றிதழை இணையத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். இந்த வேலை முடியும்வரை விண்ணப்பத்தைச் சேமித்து மட்டும் வையுங்கள், சமர்ப்பிக்க வேண்டாம். சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிறந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றியும், அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைப் பதிந்துகொள்ளலாம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணவர் வெளிநாட்டில் இருப்பதால், குழந்தைக்கு பாஸ்போர்ட் வழங்கச் சம்மதிப்பதாக ஓர் உறுதிமொழிப் பத்திரத்தைத் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகச் சான்றொப்பம் பெற்று, அசலை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே அனெக்சர் டியில் நீங்கள் கையெழுத்திடுங்கள். சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு, கணவர் இங்கே இல்லைதானே என்று அனெக்சர் சியை எடுத்துவிடாதீர்கள். அவர் சம்மதிக்கிறார், நேரில் இல்லை, அவ்வளவே. அந்த உறுதிமொழிப் பத்திரத்திலும் இரண்டு பாஸ்போர்ட்டுகளில் உள்ளபடியே பெயர்கள் இருக்க வேண்டும், குழந்தையின் பெயர் நிலா முருகேசன் என்று இருக்க வேண்டும். கணவருடைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல்களில் அவரே கையொப்பமிட்டு அதனுடன் அனுப்பட்டும். மேலும் ஐயம் இருந்தால், பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் உங்கள் நிலையைக் குறிப்பிட்டால் தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தருகிற பகுதி இருக்கிறது. 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

நிலாவின் அம்மா எழுதியது:

இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை எழுதிவிடுகிறேன். சான்றிதழில் என் பெயரின் எழுத்துகள் திருத்தப்பட்டன. கணவர் அனுப்பிய உறுதிமொழிப் பத்திரத்தின் அசல், ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. மகளுக்கு எட்டு வயது ஆகவில்லை என்பதால் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பத்து விழுக்காடு சலுகை கிடைத்து, 900 ரூபாய் செலுத்தினேன். ‘ஏ’ கவுன்ட்டரில் கோவை அண்ணன் சொன்னதை நினைவில் வைத்து, மகளை என் தாயிடம் கொடுத்துவிட்டு, திரையில் இருந்த பெயர்களை வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். அங்கிருந்த பெண் அலுவலர் பொறுமையாகக் காத்திருந்தார். தந்தையின் சர்நேம் ஏன் வேறாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘பி’ கவுன்ட்டரில் மட்டும் என் பெயரைப் பற்றிக் கேட்டார்கள். திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டினேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

நேற்று பாஸ்போர்ட் தபாலில் வந்தது. உறையைப் பிரித்ததும் மகளின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். முருகேசன் சுப்பையா, கயல்விழி அருணாசலம் என்று இருந்தது. என் தந்தை இப்போது இல்லை. பேத்தியின் பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் இருப்பதை என் தாய்க்குப் படித்துக் காட்டினேன்.